ரத்தத்தில் வந்ததும் தண்ணீரில் வந்ததும்

பாலக்கோட்டுக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில் என் சித்தப்பா மகளுக்குப் பிறந்த ஆண் குழந்தை ஆறு மாதம் வரை கொழுகொழுவென்றுதான் இருந்தது. ஏழாவது மாதத்திலிருந்து அதன் உதடும் உள்ளங்கையும் வெளுக்கத் தொடங்கின. பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கியது, வயிறு உப்பியது, இடப்பக்க விலாவுக்குக் கீழே கை வைத்தால் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. முதலில் காட்டிய மருத்துவமனையில் இரும்புச்சத்துக் குறைவு என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். பத்து மாதம் அந்தச் சொட்டு மருந்தைக் கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏழைத் தாண்டவில்லை. அந்தப் பத்து மாதமும் வீட்டில் ஒரே பேச்சுதான். குழந்தையின் அப்பாவைப் பெற்றவர், அதாவது என் அத்தை, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: “எங்க வீட்டுல யாருக்கும் இப்படி இல்ல. எல்லாம் அவ அம்மா வீட்டு ரத்தம்.”

என் தங்கை தன் அத்தை மகனைத்தான் மணந்திருந்தாள். ஆகவே அத்தை குறை சொன்னது என் சித்தியின் பிறந்த வீட்டை. சித்தி அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லாமல், பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார். நான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியையாக இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். மெண்டலின் பட்டாணிச் செடியைப் பற்றிக் கரும்பலகையில் நூறு முறையாவது எழுதியிருப்பேன். அப்படிப்பட்ட எனக்கே, அந்தக் குழந்தையின் விலாவுக்குக் கீழே கை வைத்துப் பார்த்தபோது தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையின் பெயர் நினைவுக்கு வரவில்லை. அதற்காக நான் இன்றும் வருந்துகிறேன். இந்தப் பதிவை எழுதுவதற்கு முதல் காரணம் அதுதான்.

“ரத்தத்திலேயே வந்தது” என்ற தொடரை எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் சொல்வார்கள். சர்க்கரை நோய்க்கும் சொல்வார்கள், கோபத்துக்கும் சொல்வார்கள், கணக்கு வராத பிள்ளைக்கும் சொல்வார்கள். அந்தத் தொடர் சில இடங்களில் முழு உண்மை, சில இடங்களில் பாதி உண்மை, சில இடங்களில் முழுப் பொய். எது எங்கே என்று பிரித்துப் பார்க்காமல் பேசுவதால் வரும் துன்பத்தைப் பெரும்பாலும் பெண்கள்தான் சுமக்கிறார்கள்.

முழுப் பொய்யான இடத்திலிருந்தே தொடங்குகிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பலரின் பற்களில் பழுப்புக் கோடுகளைப் பார்க்கலாம். சிலருக்குப் பல்லின் மேற்பரப்பே சுண்ணாம்பு போல வெளுத்துக் குழி விழுந்திருக்கும். பெண் பார்க்க வரும்போது “அந்தக் குடும்பத்துக்கே பல்லு அப்படித்தான்” என்று சொல்லிக் கலைந்துபோன சம்பந்தங்களை நான் அறிவேன். அப்பாவுக்கும் மகனுக்கும் பேரனுக்கும் ஒரே மாதிரி பல் இருந்தால் அது பரம்பரை என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அந்த மூவரும் ஒரே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள். எங்கள் பகுதிப் பாறைகளில் உள்ள கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பதும், வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பதும் இந்தியத் தர நிர்ணயம். அந்த அளவைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளரும் பிள்ளைக்கு, நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் முதல் எட்டு ஆண்டுகளில் எனாமல் சரியாக இறுகுவதில்லை. பல் முளைத்து வெளியே வந்த பிறகு எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் அந்தக் கோடு அழியாது. ஆனால் அது அவருடைய பிள்ளைக்கும் போகாது.

என் வகுப்பில் அண்ணன் தம்பி இருவர் சில ஆண்டுகள் இடைவெளியில் படித்தார்கள். அண்ணன் வாயை மூடிக்கொண்டே சிரிப்பான்; அவனுடைய முன்பற்கள் இரண்டிலும் தேங்காய் நார் நிறத்தில் குறுக்குக் கோடுகள் இருந்தன. எட்டு வயது இளையவனான தம்பிக்குப் பல் அரிசி போல் இருந்தது. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே வீடு. இடையில் நடந்தது ஒன்றுதான்: ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டு, அவர்கள் தெருக்குழாய்க்குக் காவிரித் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணனுக்கு அப்போது பற்கள் உருவாகி முடிந்திருந்தன, தம்பி கைக்குழந்தை. வாழ்நாளில் உடல் பெறும் மாற்றம் சந்ததிக்குப் போகாது என்ற பாடத்தைப் பத்தாம் வகுப்பில் நடத்தும்போது, எலியின் வாலை வெட்டிப் பார்த்த பழைய சோதனையைவிட இந்த இரு பிள்ளைகளின் பற்கள்தான் என் நினைவுக்கு வருகின்றன.

அப்படியானால் எதுதான் உண்மையிலேயே ரத்தத்தில் வருகிறது? ரத்தம் என்பதே இங்கு ஒரு பழகிப்போன சொல். தாயின் ரத்தம் பிள்ளைக்குள் ஓடுவதில்லை; நச்சுக்கொடியில் இருவர் ரத்தமும் கலக்காமலேதான் சத்தும் காற்றும் இடம் மாறுகின்றன. பிள்ளைக்குப் போய்ச் சேருவது எழுத்து. தாயின் முட்டையில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்ட ஒரு சுவடி, தந்தையின் விந்தணுவில் அதே அளவில் இன்னொரு சுவடி. எழுத்துகள் நான்கே வகை: ஏ, டி, ஜி, சி. அந்தச் சுவடிக்குள் புரதம் செய்யச் சொல்லும் பகுதிகள் சுமார் 20,000 உண்டு. அவற்றைத்தான் மரபணு என்கிறோம். ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது, அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று.

பழைய ஓலையைப் புதிய ஓலையில் படியெடுத்தவர்களின் கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் ஓரிரு இடத்தில் எழுத்து மாறியிருக்கும். பாடபேதம் என்று உரையாசிரியர்கள் குறித்துவைத்திருப்பதெல்லாம் அப்படி வந்தவைதாம். செல் பிரியும்போது நடப்பதும் அதே வேலை. அந்தப் பிழையை நம் பாடநூல் திடீர்மாற்றம் என்கிறது. “திடீர்” என்ற சொல் மாணவர்களைச் சற்றே வழிதவறச் செய்கிறது என்பது என் எண்ணம். ஏதோ ஒரு நாள் ஒரு பூதம் புகுந்துகொண்டது போல அவர்கள் கற்பனை செய்கிறார்கள். உண்மையில் இந்த உலகத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும், தாயிடமும் தந்தையிடமும் இல்லாத அறுபது எழுபது புதிய எழுத்து மாற்றங்களோடுதான் பிறக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை ஒரு தீங்கும் செய்யாத இடங்களில் விழுகின்றன. இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: அந்தப் புதிய மாற்றங்களில் பெரும்பங்கு தந்தையிடமிருந்து வருகிறது. பெண்ணின் முட்டைகள் அவள் பிறக்கும் முன்பே உருவாகிவிடுகின்றன. ஆணின் விந்தணுக்களோ வாழ்நாள் முழுவதும் படியெடுக்கப்பட்டுக்கொண்டே இருப்பதால், தந்தைக்கு வயது ஒன்று கூடினால் பிள்ளைக்குப் போகும் புதிய மாற்றங்களும் ஒன்றிரண்டு கூடுகின்றன. குறையோடு பிள்ளை பிறந்தால் தாயின் முகத்தைப் பார்க்கும் நம் வழக்கத்துக்கு இயற்கையில் எந்த ஆதாரமும் இல்லை.

தங்கையின் குழந்தைக்குக் கடைசியில் ரத்தத்தை எச்பிஎல்சி என்ற கருவியில் பரிசோதித்தார்கள். ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் எந்தெந்த வகை, எவ்வளவு என்று அது பிரித்து வரைபடமாகக் காட்டும். பெரியவர்களிடம் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஏ அந்தக் குழந்தையிடம் அநேகமாக இல்லை. கருவில் இருக்கும்போது சுரக்கும் ஹீமோகுளோபின் எஃப் மட்டும் உயர்ந்து நின்றது. ஆறு மாதம் வரை குழந்தை ஏன் நன்றாக இருந்தது என்பது அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. கருவில் பயன்படும் ஹீமோகுளோபினுக்கு வேறு மரபணு. பிறந்த பிறகு அது மெல்ல அடங்கி, பீட்டா குளோபின் மரபணு பொறுப்பை ஏற்க வேண்டும். ஏற்க வேண்டிய மரபணு இரண்டு பிரதிகளிலும் பழுதாக இருந்ததால், பழையது விலகிய இடத்தைப் புதியது நிரப்பவில்லை. எங்கள் வீட்டுக் குழந்தை வெளுக்கத் தொடங்கியது அந்தக் கைமாற்றத்தின் மாதத்தில்தான்.

பழுது எவ்வளவு சிறியது என்பதை நினைத்தால் இன்னும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. பீட்டா குளோபின் மரபணு அந்தச் சுவடியின் 11-ஆம் கட்டில், அதாவது 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. மொத்தமே சுமார் 1,600 எழுத்துகள். அதில் பொருளுள்ள பகுதிகள் மூன்று. அவற்றுக்கு இடையே வெட்டி எறிய வேண்டிய பகுதிகள் இரண்டு. செல் அதை முதலில் முழுமையாகப் படியெடுத்து, பிறகு வேண்டாததை வெட்டி, வேண்டியதை ஒட்டி, அதன் பிறகே புரதம் செய்கிறது. தையற்காரர் துணியில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு வெட்டுவது போல, எங்கே வெட்ட வேண்டும் என்பதற்கும் எழுத்துகளிலேயே அடையாளம் உண்டு. இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்கு மிகுதியாகக் காரணமாக இருப்பது, முதல் வெட்டுப் பகுதியின் ஐந்தாவது எழுத்து ஜி என்பதற்குப் பதிலாக சி என்று இருப்பது. கோடு மங்கிவிட்டது; கத்தரி தவறான இடத்தில் போகிறது; துணி வீணாகிறது. அவ்வளவுதான். அந்த ஓர் எழுத்துக்காக ஒரு குழந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை பிறர் ரத்தம் ஏற்றிக்கொண்டு வாழ வேண்டியிருக்கிறது. ஏற்றும் ரத்தத்தோடு சேரும் இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் படிந்துவிடாமல் இருக்க நாள்தோறும் மாத்திரை வேறு.

மரபணுச் சோதனையில் எங்கள் குழந்தையின் இரண்டு பிரதிகளிலும் அதே இடத்தில் அதே மாற்றம் இருந்தது. அதன் பிறகு மருத்துவர் குடும்பத்தார் அனைவரையும் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னார். தங்கையும் அவள் கணவரும் கேரியர்கள், அதாவது ஒரு பிரதி நல்லதும் ஒரு பிரதி பழுதானதுமாக உள்ளவர்கள் என்பது முதலிலேயே தெரிந்ததுதான். பெற்றோர் இருவரிடமிருந்தும் வராமல் இந்த நோய் வராது. சித்தப்பா கேரியர். சித்திக்கு ஒன்றும் இல்லை. அத்தை கேரியர்.

நானும் கொடுத்தேன். என் தாளை இன்னும் மடித்துப் பீரோவில் வைத்திருக்கிறேன். ஹீமோகுளோபின் 10.9, சிவப்பணுவின் சராசரிப் பருமன் எண்பதுக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் 64, ஆனால் சிவப்பணுக்களின் எண்ணிக்கை வழக்கத்தைவிட அதிகம். 3.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை என் தாளில் 5.4. ஆக, நானும் கேரியர். என் இரண்டு பிரசவத்தின்போதும் “ரத்தம் கம்மி” என்று இரும்பு மாத்திரையைக் கூட்டிக்கூட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். எண் நகரவே இல்லை என்று கடிந்தும் கொண்டார்கள். நான் மாத்திரையை ஒழுங்காகத்தான் போட்டேன். என் ரத்தம் கம்மியாகத் தெரிந்ததற்கு இரும்பு மட்டும் காரணமாக இருந்திருக்காது. இதைப் படிக்கும் பெண்கள் இதற்காக மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. கேரியருக்கும் இரும்புக் குறைவு சேர்ந்தே இருக்கலாம். மாதக்கணக்கில் மாத்திரை போட்டும் எண் ஏறவில்லை என்றால் உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் ஏ2 அளவும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள் என்பதுதான் நான் சொல்வது.

பள்ளி ஆய்வகத்து நுண்ணோக்கியில் என் சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தீற்றிச் சாயமிட்டுப் பார்த்தேன். நல்ல சிவப்பணு, நடுவில் சற்றே குழிந்த தோசை போல இருக்கும். என்னுடையவை சிறுத்து, நடுவே வெளுத்து, சில இடங்களில் வெளுத்த வளையத்துக்கு மத்தியில் மறுபடியும் ஒரு பொட்டு வைத்தது போல இருந்தன. நாற்பத்தாறு ஆண்டுகளாக நான் அவற்றைக் கொண்டுதான் ஏறியிருக்கிறேன், இறங்கியிருக்கிறேன், பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு நாளும் அவை என்னைக் கைவிட்டதில்லை.

என் அப்பாவும் சித்தப்பாவும் அத்தையும் உடன்பிறந்தவர்கள். ஆக, அந்த ஓர் எழுத்து எங்கள் தாத்தாவிடமோ பாட்டியிடமோ இருந்திருக்கிறது. ஒருவரிடம் இருந்த ஒரு பிரதி, இரண்டு பிள்ளைகள் வழியாக இறங்கி, அத்தை மகன், மாமன் மகள் என்ற முறையில் திரும்பவும் ஒரே வீட்டில் வந்து சந்தித்திருக்கிறது. “அவ அம்மா வீட்டு ரத்தம்” என்று அத்தை சொன்ன அந்த ரத்தம் அவருடைய பிறந்த வீட்டுடையது.

சொந்தத்தில் திருமணம் செய்வது தவறு என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. நிலம் பிரியாமல் இருக்கவும், பெண் போகும் இடத்தில் தெரிந்த முகம் இருக்கவும் நம் முன்னோர் கண்ட ஏற்பாடு அது. அதில் அன்பும் இருந்தது. ஆனால் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் கேரியர் என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவில் பீட்டா தலசீமியா கேரியர்கள் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் என்று சொல்லப்படுகிறது. ஆகவே தொடர்பே இல்லாத ஒருவரை அவர் மணந்தால், அவரும் கேரியராக இருக்கும் வாய்ப்பும் அவ்வளவுதான். அத்தை மகளையோ மாமன் மகளையோ மணந்தால் எட்டில் ஒன்று. அக்காள் மகளை மணந்தால் நான்கில் ஒன்று. இருவரும் கேரியராக அமைந்துவிட்டால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றுக்கு வராது என்று என் தங்கையிடம் ஒருவர் ஆறுதல் சொன்னார், அது தவறு. ஒவ்வொரு முறையும் சோழியைப் புதிதாகத்தான் உருட்டுகிறோம்.

நாங்கள் சொந்தத்தில் செய்வதில்லை, எங்களுக்குக் கவலை இல்லை என்று நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. ஐதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் ஆகியோரின் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் 81 குழுக்கள், சில முன்னோரிடமிருந்தே பெருகி, பிறகு தமக்குள்ளேயே மணந்து வந்தவை. ஒரே முன்னோரின் எழுத்துகள் அவற்றில் இப்படிச் செறிந்திருக்கும் அளவு, மரபு நோய்களுக்காக உலகெங்கும் ஆராயப்பட்ட ஃபின்லாந்து மக்களிடமும் ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களிடமும் இருப்பதைவிட அதிகம். பல நூறு ஆண்டுகளாகச் சாதிக்குள்ளேயே கொண்டும் கொடுத்தும் வந்தால், முறை வராத தூரத்து வீட்டிலும் அதே பழைய எழுத்து இருக்கக்கூடும். பத்திரிகையில் சாதி போட்டு, நட்சத்திரம் போட்டு, பொருத்தம் பத்துக்கு எத்தனை என்று பார்க்கும் நாம், ஏ2 அளவை மட்டும் கேட்பதில்லை.

இவ்வளவு தீங்கு செய்யும் மாற்றம் ஏன் அழிந்துபோகவில்லை என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். பாடநூலைவிட அவள் கேள்வி பெரிது. பிரிட்டிஷ் மரபியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன் 1940-களின் இறுதியில் இதே கேள்வியை எழுப்பி, அதற்கு ஒரு விடையையும் ஊகித்தார். தலசீமியா மிகுதியாக இருக்கும் நிலங்கள் எல்லாம் மலேரியா மிகுதியாக இருந்த நிலங்கள். ஒரு பிரதி மட்டும் உள்ளவரின் சிவப்பணுவில் மலேரியாக் கிருமிக்கு இருக்கை சரியாக அமைவதில்லை. ஆகவே காய்ச்சலில் மற்றவர்கள் மடியும்போது அவர்கள் பிழைத்துப் பிள்ளை பெற்றார்கள் என்பது அவர் கருத்து. ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்கே வந்து குடியுரிமை பெற்று, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தார்.

அவர் ஊகித்ததற்கு உறுதியான சான்று, அதே மரபணுவின் வேறொரு மாற்றத்தில் கிடைத்தது. கதிர் அரிவாள் ரத்தசோகையில் வெட்டும் இடம் கெடவில்லை. பொருளுள்ள பகுதியிலேயே ஓர் எழுத்து ஏ என்பதிலிருந்து டி என்று மாறி, அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த மாலை போன்ற புரதத்தின் ஆறாவது மணியில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் கோக்கப்படுகிறது. புரதத்தில் நேரும் இந்த மணி மாற்றத்தை வெர்னன் இங்கிராம் 1956-57-இல் கண்டறிந்தார். அந்த ஒரு மணி மாறியதால், ஆக்சிஜன் குறையும்போது ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கம்பிகளாகி, சிவப்பணுவையே அரிவாளாக வளைத்துவிடுகின்றன. அந்தோனி அலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் செய்த ஆய்வுகளை 1954-இல் வெளியிட்டு, ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களுக்கு மலேரியாவிலிருந்து பாதுகாப்பு இருப்பதைக் காட்டினார். கடுமையான மலேரியா வரும் வாய்ப்பு அவர்களுக்குப் பத்தில் ஒன்பது பங்கு குறைகிறது என்று பிற்கால ஆய்வுகள் சொல்கின்றன. இந்தியாவில் இந்த மாற்றம் முதலில் கண்டறியப்பட்டதும் தமிழ்நாட்டில்தான். 1952-இல் நீலகிரியின் பழங்குடி மக்களிடையே.

அந்த மாணவிக்கு நான் சொன்ன விடை இது: இரண்டு பிரதியாக வந்து ஒரு குழந்தையைக் கொல்லும் அதே எழுத்து, ஒரு பிரதியாக இருந்து பத்துப் பேரைக் காப்பாற்றியிருந்தால், இயற்கை அதைக் களைந்துவிடாது. பரிணாமத்துக்கு இரக்கமும் தெரியாது, தண்டனையும் தெரியாது. கொசு மிகுந்த மலையடிவாரத்தில் எங்கள் கொள்ளுப்பாட்டிகளில் யாரோ ஒருத்தி குளிர்காய்ச்சலில் சாகாமல் எழுந்து நின்றிருக்கிறாள். நான் இங்கே உட்கார்ந்து இதை எழுதுவதற்கு அந்தப் பழுதான எழுத்தும் ஒரு காரணமாக இருக்கலாம். மருந்தும் கொசு ஒழிப்பும் வந்து மலேரியா குறைந்துவிட்ட இந்தக் காலத்தில் அதன் நன்மை போய்விட்டது; விலை மட்டும் நின்றுவிட்டது.

மாற்றம் என்றாலே கேடு என்ற எண்ணம் மாணவர்களிடம் தங்கிவிடக் கூடாது என்பதற்காக, ஆண்டுதோறும் வகுப்புக்கு ஒரு கை கொள்ளு கொண்டுபோவேன். காவேரிப்பட்டணத்துக்கு அருகே பையூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வந்த பையூர் 2 என்ற கொள்ளு ரகம், கோ 1 என்ற பழைய ரகத்தின் விதைகளைக் காமா கதிருக்கு ஆட்படுத்திப் பெறப்பட்டது. கதிர் எந்த எழுத்தை மாற்ற வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்ல முடியாது. அது கண்ணை மூடிக்கொண்டு கல் எறிவது போலத்தான். முளைத்து வரும் ஆயிரக்கணக்கான செடிகளில் பெரும்பாலானவை நோஞ்சானாகவோ மலடாகவோ போகும். அடுத்த தலைமுறையில் வரிசை வரிசையாக நடந்து, நம் மானாவாரி நிலத்துக்கு ஏற்ற ஒரு செடியைக் கண்டுபிடித்து, அதன் விதையை மட்டும் எடுத்து, மீண்டும் விதைத்துப் பல ஆண்டுகள் பார்க்க வேண்டும். எழுத்து மாறுவது தற்செயல். எது நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது நிலமும் மழையும் பார்க்கிறவரின் கண்ணும். எக்ஸ் கதிரால் பழ ஈக்களில் மாற்றம் உண்டாக்க முடியும் என்று ஹெர்மன் முல்லர் 1927-இல் காட்டியதன் தொடர்ச்சி, எங்கள் வீட்டுக் கொள்ளு ரசம் வரைக்கும் வந்திருக்கிறது.

சந்தூர் பக்கத்து நாற்றுப் பண்ணைகளில் மாங்கன்று ஒட்டுக் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் மறுபக்கம் புரியும். செந்தூராவின் கொட்டையைப் போட்டால் செந்தூரா வராது. தாய் மரத்தின் எழுத்தும் மகரந்தம் தந்த மரத்தின் எழுத்தும் கலைந்து சேர்ந்து வேறொன்று வரும். ஆகவேதான் கொட்டைக் கன்றின் தலையைச் சீவி, தாய் மரத்தின் குச்சியைச் செருகி, நெகிழித் தாள் சுற்றிக் கட்டுகிறார்கள். அப்படிக் கட்டிய அத்தனை கன்றிலும் ஒட்டுக்கு மேலுள்ள பகுதி அநேகமாக எழுத்துக்கு எழுத்து ஒன்றே. இருந்தும் ஒரே பண்ணையில் வாங்கிய கன்று, எங்கள் செம்மண் மேட்டில் ஒரு ருசியும் ஏரிக்கரைத் தோட்டத்தில் இன்னொரு ருசியும் தருகிறது. எழுத்து மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதை மாமரமும் சொல்கிறது.

சர்க்கரை நோயும் உயரமும் தோல் நிறமும், தலசீமியா போல எழுத்தால் வருவதற்கும் பல் கறை போலத் தண்ணீரால் வருவதற்கும் நடுவே நிற்கின்றன. அவற்றுக்கு ஒரு மரபணு கிடையாது. நூற்றுக்கணக்கான இடங்களில் சிறுசிறு மாற்றங்கள் சேர்ந்து ஒரு சாய்வை உண்டாக்குகின்றன. சோறும் உழைப்பும் உறக்கமும் மீதியைச் செய்கின்றன. “எங்கப்பாவுக்கும் இருந்தது” என்று சொல்லிவிட்டு நடைப்பயிற்சியைக் கைவிடுபவர்களுக்கு நான் சொல்வது அவ்வளவுதான்.

தலசீமியாவுக்கு வருகிறேன். உடன்பிறந்தவரின் எலும்பு மஜ்ஜை பொருந்தினால் நோய் முழுவதும் குணமாகலாம். பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. 2023 நவம்பரில் பிரிட்டனிலும் 2024 ஜனவரியில் அமெரிக்காவிலும் தலசீமியாவுக்கு ஒப்புதல் பெற்ற மரபணுத் திருத்தச் சிகிச்சை, பழுதான எழுத்தைத் தொடுவதில்லை. கருவில் வேலை செய்து அடங்கிப்போன மரபணுவின் பூட்டைத் திறந்து, ஹீமோகுளோபின் எஃப்-ஐ மறுபடியும் சுரக்க வைக்கிறது. எங்கள் குழந்தை ஆறு மாதம் நன்றாக இருந்தானே, அந்த ஆறு மாதத்தை வாழ்நாளாக நீட்டுவதுதான் அதன் உத்தி. இந்த அறிவு மனிதருக்கு வாய்த்தது என்பதில் எனக்குப் பேருவகை. அமெரிக்காவில் அதன் விலை 20 லட்சம் டாலருக்கு மேல் என்பதில் அதே அளவு வேதனை. கதிர் அரிவாள் ரத்தசோகைக்காக 2023 ஜூலை 1-ஆம் நாள் தொடங்கப்பட்ட தேசிய இயக்கம், பழங்குடிப் பகுதிகளில் 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதை இலக்காக வைத்துக்கொண்டது. அது போல ஒவ்வொரு கல்லூரியிலும் தலசீமியாவுக்கும் ஒருமுறை ரத்தம் பார்த்துவிட்டால், என் தங்கையைப் போன்றவர்கள் திருமணத்துக்கு முன்பே தங்கள் எழுத்தைத் தெரிந்துகொள்வார்கள். தெரிந்த பிறகும் விரும்பியவரை மணக்கலாம். கருவுற்ற பத்தாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரத்துக்குள் நச்சுக்கொடித் திசுவைச் சோதித்துக் குழந்தையின் நிலையை அறியும் வசதி இருக்கிறது. கேரியர் என்பது நோயாளி என்று பொருளல்ல. அதைச் சொல்லிக்கொள்ள நான் வெட்கப்படவில்லை. அதனால்தான் என் எண்களையும் இங்கே எழுதினேன். என் மகள் கல்லூரியில் படிக்கிறாள், அவளும் கேரியர்தான். தன் தாளைத் தன் சான்றிதழ்க் கோப்பிலேயே வைத்திருக்கிறாள்.

தங்கையின் மகனுக்கு இப்போது ஐந்து வயது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை தருமபுரிக்குப் போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வருகிறான். ஏற்றிய மறுநாள் கன்னம் சிவந்து தெருவில் ஓடுவான். மூன்றாம் வாரக் கடைசியில் பாட்டியின் மடியிலேயே இருப்பான். தன் ரத்தத்தின் முடிவு வந்த நாளில் அத்தை யாரிடமும் எதுவும் பேசவில்லை. சித்தி வீட்டுக்கு அவர் போகவும் இல்லை. ஒரு மாதம் கழித்து, மருத்துவமனைக்குப் போகும் பேருந்தில் சித்தியோடு ஒரே இருக்கையில் உட்கார்ந்து போனதாகத் தங்கை சொன்னாள்.

அத்தைக்கு இளைய மகன் ஒருவர் இருக்கிறார். மூத்த மகள் வயிற்றுப் பேத்தியை அவருக்குக் கட்டி வைக்க வேண்டும் என்பது அத்தையின் பத்து ஆண்டு ஆசை. பேத்தி பட்டம் முடித்து ஓசூரில் வேலைக்குப் போகிறாள். சென்ற வாரம் அத்தை என்னைக் கைபேசியில் அழைத்து, “அந்த ஏ2-ன்னு சொன்னியே, அத ரெண்டு பேருக்கும் எங்க போய்ப் பாக்கணும்?” என்று கேட்டார். நாளைக் காலை ஆறரைப் பேருந்தில் மூவரும் தருமபுரிக்கு வருகிறார்கள். நான் பேருந்து நிலையத்தில் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.